புதுக் காரும் பழைய தாட்சண்யமும்

வீடு கட்டுவதற்கும் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்வதற்கும் அடுத்தபடியாக, ஒரு நடுத்தரக் குடும்பத்தார் மொத்தமாகப் பெருந்தொகையை எடுத்து வைக்கும் சந்தர்ப்பம் கார் வாங்குகிற சந்தர்ப்பமே என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தான். ஆயினும், சந்தையில் கால் கிலோ கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து, சொத்தையை ஒதுக்கி, தராசையும் ஒரு கண்ணால் கவனித்து வாங்குகிற அதே மனிதர், பத்து லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கப் போகும்போது மட்டும் எதையும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, நீட்டிய தாள்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது ஏன் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. குளிரூட்டிய கூடமும், டை கட்டிய இளைஞரின் உபசாரமும், உட்காருவதற்கு முன்பே வந்து சேரும் காபியும் சேர்ந்து, வாடிக்கையாளர் என்ற ஸ்தானத்திலிருந்து விருந்தாளி என்ற ஸ்தானத்துக்கு நம்மை மாற்றிவிடுகின்றன; விருந்துக்குப் போன இடத்தில் கணக்குக் கேட்பது மரியாதையல்ல என்ற தாட்சண்யம் நமக்குப் பிறவியிலேயே வந்தது. ஷோரூம்களில் நடக்கும் அநியாயங்களில் பெரும்பகுதி இந்தத் தாட்சண்யத்தின் மேல்தான் நடமாடுகிறது.

டீலர்கள் யாவரும் மோசக்காரர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. விற்பனைக்கென்று அமர்த்தப்பட்ட இளைஞர், மாதக் கடைசிக்குள் இத்தனை வண்டி தள்ளியாக வேண்டும் என்ற டார்கெட்டின் கீழ் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவர். ஆகையால் சீட் கவர் இலவசம் என்பார், பழைய வண்டிக்குக் கூடுதல் விலை என்பார், பதினைந்து நாளில் டெலிவரி என்பார். சொல்லும்போது மனமறிந்து பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மாதம் அவர் வேறொரு ஷோரூமில் வேறொரு கம்பெனியின் கார்களை விற்றுக்கொண்டிருப்பார். அவர் வாயால் சொன்ன வாக்குறுதிகளும் அவருடனேயே போய்விடும். அவற்றை விலைத்தாளிலோ, புக்கிங் படிவத்திலோ, டீலரின் மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கியிருந்தாலொழிய, பின்னால் கேட்பதற்கு நம் கையில் ருசு ஒன்றும் இராது.

முதலில் அந்த விலைத்தாளையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ்-ஷோரூம் விலை என்பது ஜி.எஸ்.டி. உட்பட வண்டியின் விலை. ஆன்-ரோடு விலை என்பது சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்தம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளியில்தான் வேண்டியதும் வேண்டாததும் கலந்து உட்கார்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஐந்து லட்சம் வரையுள்ள காருக்கு நூற்றுக்கு 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 என்று ஆயுட்கால வரி விதிக்கப்படுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டுகிற இடத்தில் வரி 13-லிருந்து 18-க்குத் தாவுவதால், தங்களுடைய வரி எந்த விலையின் மேல் கணக்கிடப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது எல்லைக்கோட்டுக்கு அருகிலுள்ள கார்களை வாங்குவோருக்கு மிகவும் பிரயோஜனமானது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டி.சி.எஸ். என்ற பெயரில் நூற்றுக்கு ஒன்று வாங்குகிறார்கள். இது நியாயமானதே, போகிற பணமும் அன்று. வாங்கியவரின் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ உரியது. ஆனால் வரிக்கணக்குத் தாக்கல் செய்யாத ஓய்வூதியக்காரர்கள் பலர் இதை ஏதோ ஷோரூம் செலவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயம் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருஷத்துக்கு ஒருசேர எடுத்தாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது; அதற்குத் தப்ப வழியில்லை. ஆனால் அதை டீலர் காட்டுகிற கம்பெனியில், டீலர் சொல்லுகிற பிரீமியத்துக்குத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்குமே இல்லை. டீலர்கள் இன்ஷூரன்ஸ் விற்பதற்கென்றே காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2017-இல் வகுத்த நெறிமுறைகள், வாடிக்கையாளரை அவ்விதம் வற்புறுத்தலாகாது என்று சொல்லுகின்றன. 'வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடையாது', 'வெளியே எடுத்தால் தள்ளுபடியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்' என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அதையே ஒரு வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மின்னஞ்சல் வராது, பிரீமியம் இறங்கிவரும். ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ் என்று தொழிற்சாலையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து வைத்ததற்காக வாங்கப்படும் தொகைக்கோ, மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் இடமே கிடையாது. அடிப்பூச்சு, பாலிஷ், மிதியடி, மணக்கும் புட்டி எல்லாம் சேர்ந்த 'எசென்ஷியல் கிட்' என்பதும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. அதில் எசென்ஷியல் என்பது டீலருடைய லாபத்துக்கு.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் எனக்கு நன்கு பழக்கமான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குடும்பத்துடன் டெலிவரி எடுக்கப் போனார். வண்டியின் மேல் சிவப்புத் துணி போர்த்தி, முகப்பில் ரிப்பன் கட்டி, பேரனுடைய கையில் கொடுப்பதற்குத் தெர்மோகோலில் ஆளுயரச் சாவி ஒன்றும் தயாராயிருந்தது. நான்கு எலுமிச்சம்பழத்தை வீட்டம்மாள் பையில் கொண்டுவந்திருந்தார். பத்தரைக்கு ராகுகாலம்; பத்தேகாலுக்குக் கணக்குப் பிரிவிலிருந்து, இன்னும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பாக்கி என்று தகவல் வந்தது.

"தம்பி, கோட்டேஷன்ல இது இல்லையேப்பா?"

"ஹேண்ட்லிங் சார். எல்லாருக்கும் உள்ளதுதான் சார். இதைக் கட்டினாத்தான் கேட் பாஸ் போடுவாங்க. நேரம் வேற ஆகுது பாருங்க சார்."

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க வாக்குவாதம், குடுத்துட்டு வாங்க" என்றார் அம்மாள். அவர் கொடுத்தார். ரசீதில் 'இதர உபகரணங்கள்' என்று இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கண்டார். நாற்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளில் ஒற்றுப்பிழையை விடாமல் திருத்திய மனிதர் அவர் என்பதை நினைத்தால், அந்தப் பதினைந்து நிமிஷத்தின் மகிமை விளங்கும்.

முழுப் பணமும் கட்டுவதற்கு முன்னால் வாங்குபவரின் கை ஓங்கியிருக்கிறது. கட்டிய பின் தாழ்ந்துவிடுகிறது. டெலிவரி நோட்டில் 'திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்திட்ட பின் இன்னும் தாழ்ந்துவிடுகிறது. ஆகையால் நல்ல நேரத்தைப் பார்த்து டெலிவரி வைத்துக்கொள்பவர்கள், கணக்கை அதற்கு இரண்டு நாள் முன்பே எழுத்தில் முடித்துக்கொள்வது விவேகம். வண்டியைப் பார்ப்பதும் அப்படியே. ஆர்.டி.ஓ. பதிவு நம் பெயரில் ஆகிவிட்டால், அதன்பின் வண்டி வேண்டாம் என்பது எளிதல்ல; பதிவுக்குப் போகுமுன், பட்டப்பகலில், டீலரின் ஸ்டாக்யார்டுக்கே போய், எந்த வண்டி நமக்கு ஒதுக்கப்பட்டதோ அதைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும்: கதவுகளில் பெயின்ட் பேதம் இருக்கிறதா, டயர்களில் மண்ணும் தேய்மானமும் உண்டா, மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது, பதினேழு இடங்கள் கொண்ட சேஸிஸ் எண் விலைப்பட்டியலில் உள்ளதுதானா என்று. அந்தப் பதினேழில் பத்தாவது இடம் ஆண்டைக் குறிப்பது வழக்கம்; தவிர, டீலர் கொடுக்கும் விற்பனைச் சான்றான படிவம் 21-லும் தயாரித்த மாதமும் ஆண்டும் எழுதியிருக்கும். பதிவு, தற்காலிகமானதாகவேனும், ஆகாமல் வண்டியை வெளியே விடக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 42ஆவது விதி டீலருக்கு இட்ட கட்டளை. 'நம்பர் பின்னால் வரும், நீங்கள் ஓட்டிக்கொண்டு போங்கள்' என்பதை ஓர் உபகாரமாக எண்ணி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, நடுவழியில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

பழைய வண்டியைப் புதியதென்று தள்ளிவிடுவது கதைகளில்தான் நடக்கும் என்று நினைப்பவர்கள், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கோவா வழக்கை அறிந்துகொள்ள வேண்டும். 2011-இல் புதுக்காருக்குப் பணம் கட்டியவருக்கு, 2009-இல் தயாரித்து 622 கிலோமீட்டர் ஓடிய காரை டீலர் கொடுக்க முற்பட்டார். நுகர்வோர் மன்றங்கள் டீலரையும் தயாரிப்பாளரையும் சேர்த்தே பொறுப்பாக்கின. உச்ச நீதிமன்றமோ, தயாரிப்பாளருக்கும் டீலருக்கும் உள்ள சம்பந்தம் முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும் உள்ளதன்று, இருவரும் தனித்தனியே தம் கணக்குக்கு வியாபாரம் செய்பவர்கள் என்றும், டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாதவரையில் அவரை அதற்குப் பொறுப்பாக்க முடியாதென்றும் சொல்லித் தயாரிப்பாளரை விடுவித்தது. பெரிய கம்பெனியின் பெயர்ப்பலகையை நம்பித்தானே அந்த வாசலை மிதித்தோம் என்கிற சாமானியனுடைய நியாயம் எனக்கு இன்னும் தீர்க்கமாகவே படுகிறது. ஆனால் சட்டம் இப்போது இப்படியிருப்பதால், புகார் எழுதுகிறவர்கள், டீலர் என்ன செய்தார், தயாரிப்பாளர் என்ன செய்தார் அல்லது செய்யத் தவறினார் என்பதைத் தனித்தனியே எழுதுவது அவசியமாகிறது. தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்குத் தொடக்கத்திலேயே ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டால், 'எங்களுக்கு ஒன்றுமே தெரியாது' என்ற வாதத்துக்கு இடமிராது.

இனி சர்வீஸ். விற்பனைக் கூடத்தின் உபசாரம் சர்வீஸ் கூடத்தின் வாசலோடு நின்றுவிடும் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். தலைமையாசிரியரின் வண்டி மூன்றாவது கியரிலிருந்து இறங்கும்போது அடியில் ஒரு தட்டுச் சத்தம் கொடுத்தது, கொண்டுபோய்ச் சொன்னார். "புது வண்டி அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்று சொல்லி, கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி போனார், மறுபடியும் போனார். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜாப் கார்டு அச்சாகி வந்தது, அவரும் கையெழுத்திட்டார். பிறகு சண்டை முற்றி அந்தத் தாள்களையெல்லாம் எடுத்து அடுக்கிப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் 'பொதுப் பரிசோதனை, வாட்டர் வாஷ்' என்ற இரண்டு வரிகளைத் தவிர வேறொன்றுமில்லை. கியர் என்ற வார்த்தையே எங்கும் இல்லை. எழுத்து சாட்சியத்தின்படி அந்தக் கார் ஒருநாளும் சத்தம் போட்டதே கிடையாது.

கார் வழக்குகளில் பாதி, வாதம் தொடங்குமுன்பே, இந்த ஜாப் கார்டில் தோற்றுப்போகின்றன என்று சொன்னால் மிகையாகாது. சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரில் தட்டும்போது பக்கத்தில் நின்று, குறையை நம்முடைய வார்த்தைகளிலேயே, எந்த வேகத்தில், எந்த கியரில், எப்போது நேருகிறது என்பது உட்பட எழுதச் சொல்ல வேண்டும். 'இதற்கெல்லாம் அதில் இடமில்லை சார்' என்றால், அச்சான தாளிலேயே பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதற்கும் சம்மதிக்காவிட்டால், வாசலில் நின்றபடியே அந்த விவரத்தை டீலரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு வர வேண்டும். மீட்டர் எண்ணையும், பெட்ரோல் முள்ளையும், வண்டியின் நாலு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்துக்கொள்வது நல்லது. 'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்' என்று பலகை மாட்டியிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பழுது பார்ப்பதற்காக ஒப்படைக்கப்பட்ட பொருளை, விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளைப் பாதுகாப்பதுபோல் பாதுகாக்க வேண்டும் என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு சொல்லுகிறது. அதே சட்டத்தின் 170ஆவது பிரிவு, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியை நிறுத்திவைக்கும் உரிமையை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகையால் எஸ்டிமேட்டில் ஏழாயிரம் என்று சொல்லிப் பில்லில் பதினெட்டாயிரம் வந்தால், வாசலில் நின்று கத்துவதைவிட, 'ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது' என்று பில்லிலேயே எழுதிப் பணத்தைக் கட்டி, வண்டியை மீட்டுக்கொண்டு, பிறகு வழக்கைத் தொடர்வதே காரியத்துக்கு ஆகும் வழி.

வாரண்டி என்ற சொல்லைக் குறித்தும் ஒரு மயக்கம் இருக்கிறது. குறையுள்ள காருக்குப் பதில் புதுக் கார் வாங்கிவிடலாம் என்று நம்பி வழக்குத் தொடுப்பவர்கள் அநேகர். வாரண்டியில் ஒப்புக்கொண்டது பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான், முழு வண்டியையும் மாற்றச் சொல்வது அதை மீறியது என்று 2006-இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அமெரிக்க மாகாணங்களில் இருப்பதுபோல், இத்தனை முறை பழுது பார்த்தும் சரியாகாத காரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தனிச் சட்டம் நம் தேசத்தில் இல்லை. தயாரிப்பிலேயே உள்ள தோஷம் என்று நிபுணர் அறிக்கையால் நிரூபணமானால் மாற்று வண்டியோ பணமோ கிடைக்க இடமுண்டு. அந்தப் பரிசோதனைக்கு உத்தரவிடும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு, வாதியே அதைக் கேட்டு மனுச் செய்ய வேண்டும். ஒரே தோஷம் பலருடைய வண்டிகளில் இருந்து, அது உயிருக்கு அபாயமானதும் ஆனால், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின் கீழ், அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சீர்செய்யுமாறு தயாரிப்பாளருக்கு அரசாங்கம் உத்தரவிடலாம். வெளியே ஒரு மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினால் வாரண்டியே போய்விடும் என்ற பயமுறுத்தலையும் அப்படியே நம்ப வேண்டாம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளின் மேல் பிறப்பித்த உத்தரவு இந்த வழக்கத்தையும் கண்டித்தது.

பரிகாரம் எங்கே என்றால், முதற்படி செலவில்லாதது. டீலருக்கும் தயாரிப்பாளருக்கும், நடந்ததைத் தேதிவாரியாக, கோபமில்லாத பாஷையில் எழுதி, என்ன வேண்டும் என்பதையும், பதினைந்து நாள் அவகாசத்தையும் குறிப்பிட்டு, ஒப்புகையுடன் கூடிய தபாலில் அனுப்ப வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதியலாம். அது தீர்ப்பளிக்கும் இடமன்று, நடுவில் நின்று பேசுகிற இடம். ஆனால் ஹேண்ட்லிங் சார்ஜ் போன்ற சில்லறைத் தொகைகளைத் திரும்பப் பெற அதுவே பலருக்குப் போதுமானதாகிறது. தலைமையாசிரியரின் ஒன்பதாயிரம் அந்த வழியில்தான் வந்தது, கியர்ச் சத்தத்துக்குத்தான் தீர்வு வரவில்லை.

இரண்டாவது படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடப்பிலுள்ள 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம்; தஞ்சாவூர்க்காரர் சென்னை ஷோரூமில் வாங்கியதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்காகக் கொடுத்த விலை ஐம்பது லட்சம் வரையில் மாவட்ட ஆணையத்துக்கும், இரண்டு கோடி வரையில் மாநில ஆணையத்துக்கும், அதற்கு மேல் தேசிய ஆணையத்துக்கும் போகும். கட்டணம் வக்கீல் குமாஸ்தாவின் ஆட்டோ செலவுக்குக்கூடக் காணாது: ஐந்து லட்சம் வரை ஒன்றுமில்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது வரை 400, ஐம்பது வரை 1,000. வக்கீல் வைத்துக்கொள்வது அவரவர் இஷ்டம். தாமே நின்று பேசலாம், இணைய வழியிலும் தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்பார் முப்பது நாளில் பதில் தர வேண்டும், மேற்கொண்டு பதினைந்து நாள் மட்டுமே நீட்டிக்கலாம். மூன்று மாதத்திலும், பரிசோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதத்திலும், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. நடப்பில் அதைவிடப் பன்மடங்கு காலமாகிறது என்பதைப் புகார் எழுத உட்காரும்போதே அறிந்துகொள்வது மனத்துக்கு நல்லது.

ஆனால் ஒரு கெடுவை மட்டும் மறக்கவே கூடாது. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். 'அடுத்த சர்வீஸில் பார்த்துவிடலாம் சார்', 'கம்பெனி என்ஜினீயர் வருகிறார் சார்' என்று இனிமையாகச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷத்தைக் கழித்துவிடும் சாமர்த்தியம் சில இடங்களில் உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாமேயன்றி, மன்னித்தே தீர வேண்டும் என்பதில்லை.

வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் தமக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்று கேட்பதுண்டு. வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாகத் தாமே ஓட்டி ஜீவனம் செய்வதற்கென்று ஒரு டாக்ஸி வாங்கியவர் நுகர்வோரே. பத்து டாக்ஸி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

தீர்ப்பு நமக்குச் சாதகமானால் டீலர் நாற்பத்தைந்து நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் விதிக்கப்பட்ட தொகையில் பாதியைக் கட்டினால்தான் அது எடுத்துக்கொள்ளப்படும். மேல்முறையீடும் செய்யாமல், பணமும் கொடாமல் காலங்கடத்தினால், 71ஆவது பிரிவின் கீழ் நிறைவேற்று மனுவும், 72ஆவது பிரிவின் கீழ்த் தண்டனை கோரும் மனுவும் போடலாம். பின்னதில் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த மனுவுடன் ஆணையின் சான்றிட்ட நகலையும், அது டீலருக்குப் போய்ச் சேர்ந்ததற்கான தபால் ஒப்புகையையும் இணைக்க வேண்டும்.